பதினான்கு புள்ளி இரண்டு

பீரோவை நகர்த்தினால்
சுவரில் ஒரு தேசப்படம்.
ஓரம் கறுப்பு, உள்ளே சாம்பல் பச்சை,
நடுவில் உப்புப் பொரிந்த வெள்ளைத் தீவுகள்.
பூசணம் பூத்திருக்கு என்கிறோம்,
மல்லிகைக்குச் சொல்லும் அதே வாயால்.

ஜூலையில் குடிவந்தோம்.
ஒண்டிக்கடை தாண்டி, சரிவில் இறங்கி,
ஏரி தெரியும் வீடு,
ஸ்டூல் போட்டு ஏறி நின்றால்.
அட்வான்ஸ் நாற்பதாயிரம்.
புதுப் பெயிண்ட் வாசத்துக்கு அடியில்
இன்னொரு வாசம் படுத்திருந்தது
அன்றைக்குத் தெரியவில்லை.

இப்போது தெரிகிறது.
கல்யாணப் புடவையின் ஜரிகையில்.
உரசினால் வழுக்கிக்கொண்டு போகும் தீக்குச்சியில்.
ஜெபப் புத்தகத்தின் நாற்பதாம் பக்கம்
நாற்பத்தொன்றை விடமாட்டேன் என்கிறது.
இரவு இரண்டு மணிக்கு
ஜெரோமின் நெஞ்சுக்குள்
யாரோ துருப்பிடித்த கதவைத்
திறந்து திறந்து மூடுகிறார்கள்.

ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள்.
வினிகர் தெளித்தேன்.
ப்ளீச்சிங் பவுடர் கரைத்துத் தேய்த்தேன், கை வெந்தது.
மூன்று நாள் சுவர் முகம் கழுவிய பிள்ளை போல இருந்தது.
நாலாம் நாள் மழை.

வீட்டுக்காரர் தெய்வசிகாமணி
சேலத்தில், செவ்வாய்ப்பேட்டை மண்டியில்,
மின்விசிறிச் சத்தத்துக்கு நடுவிலிருந்து சொன்னார்:
"ஏற்காட்டுல ஈரமில்லாம
ராமநாதபுரத்துலயா இருக்கும்?
மலைன்னா அப்படித்தாம்மா."

எனக்குக் காப்பி டிப்போவில் வேலை.
ஈரத்துக்கு எண் சொல்வதற்குத்தான் சம்பளம்.
ஒரு கோப்பை கொட்டையை மெஷினில் கொட்டினால்
சிவப்பில் எண் எரியும்.
பதினொன்று என்றால் உள்ளே வா.
பதின்மூன்றைத் தாண்டினால் திரும்பிப் போ,
மூட்டை யாருடையதாக இருந்தாலும்.

ஒரு சனிக்கிழமை
பத்து புள்ளி எட்டில் காய்ந்திருந்த கொட்டை
அரைக்கிலோ, காசு கொடுத்து வாங்கி வந்து
எவர்சில்வர் தட்டில் பரப்பி
கட்டிலின் தலைமாட்டில், சுவரோரம் வைத்தேன்.
ஒன்பது இரவுகள்
எங்களோடு அதுவும் தூங்கியது.

பதினான்கு புள்ளி இரண்டு.
மறுபடி கொட்டினேன். அதேதான்.
மேனேஜர் சவரிராஜ் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.
"எந்த எஸ்டேட் சரக்கும்மா இது?"
"எங்க பெட்ரூம் சார்."

அந்த வாரம்தான்
பெயிண்ட் ஒரு செதிலாகப் பெயர்ந்து விழுந்தது.
அடியில் ஒரு பென்சில் கோடு.
நான் போட்டதல்ல.
கறை போன வழியெல்லாம் கூடவே போய்
வளைந்து, தயங்கி, மேலே ஏறி...
பக்கத்தில் பொடி எழுத்தில் தேதிகள்.
ஆகஸ்ட் 12. ஆகஸ்ட் 30. அக்டோபர் 17.
ஏழுக்கு இடுப்பில் ஒரு குறுக்குக் கோடு.
எனக்கு முன்னால் இங்கே ஒருத்தி,
அல்லது ஒருத்தர்,
இரவில் எழுந்து நின்று
இதே இடத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்திருக்கிறார்.
அதன் மேல் இரண்டு கோட் வெள்ளை.

நவம்பரில் வாடகைக்கு அவரே மேலேறி வந்தார்,
மப்ளரும் மண்டிக் கணக்குமாக.
கட்டில் கொட்டையை வறுத்து
அரைத்து வைத்திருந்தேன்.
டிகாஷன் நன்றாகத்தான் இறங்கியது.
ஒரு வாய் குடித்தார்.
இன்னொரு வாய்.
டம்ளருக்குள் பார்த்தார்.
"ஒரு மாதிரி வாசம் அடிக்குதேம்மா."

"மலைன்னா அப்படித்தாங்க."

மிச்சத்தைக் குடிக்கவில்லை.
சரி செய்கிறேன் என்றும் சொல்லவில்லை.
எழுந்து போய் முதல்முறையாகப் பீரோவுக்குப் பின்னால்
தலையை நீட்டினார்.
மாடியில் தண்ணீர் போகும் குழாயை
வெள்ளி ஓக் இலை அடைத்திருக்கும் என்று
அவருக்கே சொல்லிக்கொள்வதுபோல் சொன்னார்.
நாலரை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

சாயங்காலம் பென்சிலைச் சீவினேன்.
புதிய ஓரத்தைச் சுற்றிக் கோடு இழுத்து
தேதி போட்டேன்.
முன்னால் இருந்தவர் போட மறந்த
வருடத்தையும் சேர்த்து.