வாட்டம்

போன வைகாசியில் நான் வைத்த திட்டு இது.
குளியல் தொட்டிக்கும் சுவருக்கும் நடுவே
ஒன்றரைச் சாண் அகலம்,
சோப்பும் ஷாம்பும் உட்கார.
ரசமட்டம் வைத்துக் காட்டினேன் அன்று.
இரண்டு கோட்டுக்கு நடுவில்
குமிழி அசையாமல் நின்றது.
பார்த்துக்குங்க டீச்சர் என்று
வெளியே போய்ப் பீடி பற்றவைத்தேன்.

அதே கையால் இப்போது உடைக்கிறேன்.
இரண்டு தட்டில் உளி இறங்கிவிட்டது.
டைலுக்கு அடியில் கலவை
டீயில் ஊறிய ரஸ்க் போல
விரலோடு வருகிறது.

மேல் குன்னூரில் எதுவும் லேசில் காயாது.
மார்கழியில் துவைத்த சட்டை
மூன்றாம் நாளும் தொட்டால் சில்லென்னும்.
இங்கே கொண்டுவந்து
நீர் நிற்க இடம் கட்டிக் கொடுத்திருக்கிறேன்.
நின்ற நீர் கொஞ்சகாலம் சும்மா இருந்தது,
பிறகு பின்பக்கம் ஒரு வழி பார்த்துக்கொண்டது.
சுவருக்குள் கறுப்பாய் ஒரு சோலை.

ரோடு சரிவு. தேயிலை சரிவு.
ரயிலே பல்லைக் கடித்துக்கொண்டு ஏறுகிற ஊர்.
கோழிகூடச் சாய்ந்து நின்று கொத்துகிற இடத்தில்
நான் ஒருவன் மட்டம் பார்த்திருக்கிறேன்.
மட்டமான வேலை என்று
டெய்சி டீச்சர் சொல்லவில்லை.
"சோப்பு கொழகொழன்னு ஆயிடுதுப்பா,"
அவ்வளவுதான்.

பவுனு சட்டியில் கலவை குழைத்தாள்.
இந்த முறை எனக்குக் கூலி இல்லை.
அவளுக்கு என் பையிலிருந்து.
அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

சுவரில் ரப்பர் பூச்சு இரண்டு கோட்டிங்.
அப்புறம் சாணுக்கு ஒரு நூல் வாட்டம்.
கூடினால் ஷாம்பு பாட்டில் சறுக்கி வரும்,
குறைந்தால் நீருக்கு மனம் வராது.
குமிழி கோட்டைத் தாண்டிச்
சுவர்ப்பக்கம் ஒதுங்கியது.
முப்பது வருடம் அதை நடுவில் நிறுத்திய கண்
கூசியது.

மூலைதான் தொல்லை.
இரண்டு சரிவு சந்திக்கும் இடம்,
முழு டைல் வைத்தால் ஒரு காதைத் தூக்கும்.
முனைக்கு முனை அறுத்து
முக்கோணம் இரண்டாய் வைக்கவேண்டும்.
மூன்று உடைந்தன.
நான்காவது உட்கார்ந்தது.

இருநூறு வாட்ஸ் பல்பு நான்கு நாள் தொங்கியது.
நான்காம் இரவு, படுக்கையில்,
இன்னொரு பிழை ஞாபகம் வந்தது.
காலித் தொட்டியை வைத்துக்கொண்டு
சிலிக்கான் பூசியிருந்தேன் போனமுறை.
நீர் நிறைந்தால் தொட்டி ஒரு மயிரிழை இறங்கும்.
ஆள் இறங்கினால் இன்னொரு இழை.
அந்த விரிசலில் கண்டேன்
ஒரு வருடத்து ஈரம் முழுவதையும்.

"ஆள்தானே வேணும்?" என்றார் ஆல்பர்ட் சார்.
அருவங்காட்டு வெடிமருந்து ஆலையில்
இருபத்தெட்டு வருடம் நின்று தேய்ந்த முட்டிகள்.
அந்த முட்டிக்காகத்தான் இந்தத் தொட்டியே.
ஸ்வெட்டரும் லுங்கியுமாய்க் காலைத் தூக்கி வைத்து
முனகிக்கொண்டே அமர்ந்தார்.
கீசர் நீர் மார்புவரை ஏற,
லுங்கி சுற்றிலும் பூத்து மிதந்தது.
குல்லாயை மட்டும் கழற்றவில்லை.

அவர் காதோரம் குனிந்து
தோளுக்குப் பின்னால் கைவிட்டு
வெள்ளைக் கோடு இழுத்தேன்.
"மூச்சு விடலாமா?"
"விடுங்க சார், மெதுவா."
கவிழ்த்த வாளிமேல் பவுனு குலுங்கிக் குலுங்கிச் சிரிக்க
டீச்சர் கதவோரம் துண்டோடு நின்றார்,
சிரிப்பை அதில் துடைத்துக்கொண்டு.

எழுந்தபின் அவர் எடைக்கு ஈடாய்
ஐந்து குடம் ஊற்றி
இரவு முழுக்க நிற்கவிட்டோம்.

காலையில் ஜன்னல் வழியே மஞ்சு உள்ளே வந்திருந்தது.
ஒரு சொம்பு நீர் திட்டின்மேல் சாய்த்தேன்.
எல்லாம் உடனே போயிற்று,
மூலையில் ஒரு துளி தவிர.
நால்வரும் குனிந்தோம்.
அது கொஞ்சம் நின்றது,
அறுத்த கோட்டோரமாய் நகர்ந்தது,
தொட்டிக்குள் விழுந்தது. சத்தம்கூடக் கேட்டது.

"வாட்டம் சரியா இருக்கு," என்றேன்.

"ஒங்க மொகத்துலதான் மேஸ்திரி
இன்னும் கொஞ்சம் மிச்சம்,"
என்றாள் பவுனு, சட்டியைக் கழுவிக்கொண்டே.