பக்கம் நூற்றுப் பதினேழு

மேல்முறையீட்டுக்கு ஆட்கள் வருவதில்லை,
காகிதம்தான் வரும்.
கோகிலன் வடிவேலும் மாண்ட்லென்கோசி சோண்டியும்
வெஸ்ட்வில் சிறையில் உட்கார்ந்திருக்க
அவர்களுடைய நானூற்றுச் சொச்சம் பக்கம்
கீழ்த்தளத்திலிருந்து தள்ளுவண்டியில் ஏறி வந்தது.
ஒரு சக்கரம் கிறீச்சிட்டது.
அத்தனையும் நான் தட்டச்சு செய்தது.

எனக்குச் சட்டம் தெரியாது. இருமல் தெரியும்.
எந்த வக்கீல் பொய்க்கு முன்னால் தண்ணீர் குடிப்பார்,
எந்தப் போலீஸ்காரர் நேரத்தைச் சொல்லுமுன்
குறிப்பேட்டைப் புரட்டுவார்,
எல்லாம் காதிலேயே இருக்கிறது.
பதினெட்டு வருடமாக
பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் மழை பெய்கிறதா என்று
ஹெட்போனைக் கழற்றித்தான் பார்க்கிறேன்.

விஷயம் சின்னது.
ஃபீனிக்ஸில், அதிகாலை நாலே காலுக்கு
ரொட்டி ஏற்றிய வேன்.
ஓட்டியவன் கோகிலன், பக்கத்தில் சோண்டி.
இருக்கைக்கு அடியில்
குதிரைப் பந்தயப் பக்கத்தில் சுற்றிய
எண் அராவிய ஒன்பது மில்லிமீட்டர்.
அவனுக்கு முன்பு ஒரு கொள்ளை,
இவனுக்கு ஒரு கத்திக்குத்து.
துப்பாக்கியைத் தொடவே தகாதவை என்று
அரசாங்கம் எழுதிவைத்த நான்கு கைகள்.

யாருடையது என்றார்கள்.
கோகிலன் வாய் திறக்கவில்லை.
தூங்கிக்கொண்டிருந்தேன் என்றான் சோண்டி.
தூங்குகிறவன் குதிகாலுக்கும்
இரும்பு உறுத்தும் என்றார் மாஜிஸ்திரேட்.
ஒருவனுடையது என்று ருசுவாகாததால்
இருவருடையதுமாயிற்று.
பதினைந்து வருடம்.
பங்கு பிரிக்கவில்லை,
ஆளுக்கு முழுசாக ஒன்று.

இதெல்லாம் நூற்றுப் பதினாறாம் பக்கம் வரை.

அதற்குப் பிறகு வெருலம் கோர்ட்டில்
யாரோ பொத்தானை அணைக்க மறந்திருக்கிறார்கள்.
நாற்காலிகள் நகர்கின்றன.
விலங்குச் சங்கிலி.
ஒரு பெண் மூக்கை உறிஞ்சுகிறாள்,
ஈரமாக, இரண்டு முறை, நடுவில் சின்ன இடைவெளி.
அப்புறம் கோகிலன், படியிறங்கிக்கொண்டே, தமிழில்;
அதுவும் என்ன தமிழ்,
கல்யாணத்துக்கும் காவடிக்கும் மட்டும்
பெட்டியிலிருந்து எடுக்கிற தமிழ்,
மடித்த இடத்தில் இற்றுப்போனது:

அவனுக்கு ஒண்ணும் தெரியாதுக்கா.

ஏழு முறை பின்னோக்கி ஓட்டினேன்.
எட்டாவது முறை
எதிர் மேசை நொம்புலேலோ
தேநீர் வேண்டுமா என்று கேட்டாள்.
வேண்டாம் என்றேனா, வேண்டும் என்றேனா,
கோப்பை மட்டும் ஆறிக் கிடந்தது.

விதி உண்டு எங்களுக்கு.
கோர்ட்டின் மொழிபெயர்ப்பாளர் வாயால் வராததை
நான் விரலால் கொண்டுவரக் கூடாது.
பிறமொழி என்று போட்டு நகர்ந்துவிட வேண்டும்.
போட்டேன்.
நகர முடியாமல்
பக்கத்தில் இன்னும் கொஞ்சம் அடித்தேன்:
மூன்று சொற்கள்.

இன்று நீதிபதிகள் இருவர்.
மேடைக்குக் கீழே
சிவப்பு விளக்கெரியும் பெட்டியோடு நான்.
இளையவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
நூற்றுப் பதினேழு, என்றார்.
யாரோ எண்ணி வைத்திருக்கிறார்களே,
என்ன மூன்று சொற்கள்?

சோண்டியின் வக்கீல் பக்கத்தைத் தேடினார்.
கோகிலனின் வக்கீல் தேடவில்லை.
அரசு வக்கீலம்மா எழுந்து
அதனால் வழக்குக்கு ஆவதொன்றுமில்லை, மை லார்ட், என்றார்.
அவருடைய தண்ணீர் டம்ளர்
மேசையில் தொட்டுவைத்த சத்தம் கேட்டது.

எனக்கு இந்த அறையில் வாய் கிடையாது.
எழுந்து நின்றால் என்ன ஆகும் என்று
நினைத்துப் பார்த்தேன்.
முழங்கால் ஒரு தடவை நினைத்தது.
அப்போது பின்வரிசையில்
ஈரமாக, இரண்டு முறை,
நடுவில் சின்ன இடைவெளி.

திரும்பாமலே தெரிந்தது யார் என்று.
ஒருவனைத் திறந்துவிட
தம்பியைப் பூட்டும் சாவியை
நாலு வருடமாக நாக்கடியில் வைத்திருப்பவள்.

தீர்ப்பு ஒத்திவைப்பு.
எல்லோரும் எழுந்தார்கள், வணங்கினார்கள், போனார்கள்.
நான் அணைக்கவில்லை.

அவள் தடுப்புக் கம்பி வரை வந்தாள்.
என் கழுத்தட்டையில் பெயரைப் படித்தாள்,
பரம்பரைப் பெயரை இன்னொரு முறை.

ஓடுதா அது, என்றாள்.

ஓடுது, என்றேன்.