நடந்தால் ஏழு நிமிடம்

நிலையத்திலிருந்து நடந்தால் ஏழு நிமிடம் என்று
கண்ணாடிக் கதவில் ஒட்டியவன் நான்தான்.
எண்பது மீட்டருக்கு ஒரு நிமிடம்,
எங்கள் தொழிலின் கணக்கு அது.
லெவல் கிராஸிங்கில் நிற்கிற நேரம் அதில் சேராது.
சிவப்பு விளக்கு சேராது.
முழங்கால் வலி சேராது.

ஹட்டனோ தொமிகோவோடு நடந்தபோது
பதினாறு.

அறுபத்தெட்டு வயது. தனியாள்.
ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இன்னும் வேலை.
முதல் ரயிலைப் பிடித்தாக வேண்டும்.
இருக்கும் கட்டடத்தை வசந்தத்தில் இடிக்கிறார்கள்.
இவ்வளவையும் எழுதி மனப்பாடம் செய்தவர்போல
என் மேசை விளிம்பைப் பார்த்துச் சொல்லி முடித்தார்.

போன் செய்தேன்.
முதல் உரிமையாளர்: பூனை என்றால்கூடப் பரவாயில்லை, ஆனால்…
அடுத்தவர்: நேற்றே போய்விட்டதே.
(போகவில்லை. காலையில் அதன் சன்னலைத்
திறந்து வைத்துவிட்டு வந்தவன் நான்.)
மூன்றாமவர் எதையும் சுற்றி வளைக்கவில்லை:
“செத்து ஒரு மாதம் கழித்துத் தெரியவந்தால்
தரையைப் பெயர்த்துப் போட யார் காசு தருவார்கள்?”
ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.
எங்கள் அலுவலக போனில் சத்தம் கொஞ்சம் வெளியே கேட்கும்.
ஹட்டனோ தன் கைப்பையின் ஜிப்பை
மூடினார், திறந்தார்,
மூடினார்.

ஒன்பதாவது ஆள் முகாய்.
ஜூஸோவில் தண்டவாளத்தை ஒட்டி மூன்று மாடி,
எதிரே தகரக் கொட்டகையில் சைக்கிள் பழுது பார்ப்பவர்.
“வந்து பார்க்கச் சொல்” என்றார்,
வயதைக் கேட்காமல்.

ஆறு பாய் விரிக்கிற அறை.
அலமாரிக் கதவு பாதியில் சிக்கும்.
ரயில் வராத இடைவெளி பார்த்துத்தான்
வழக்கமாக ஆட்களை இங்கே கூட்டி வருவேன்.
அன்று கிராஸிங் மணி என்னைக் காட்டிக்கொடுத்தது.
எட்டுப் பெட்டிகள் அறைக்குள்ளேயே ஓடின.
அவர் பாதி வாக்கியத்தில் நிறுத்திக் காத்திருந்து
மீதியைச் சொன்னார்:
“…சலவை எந்திரம் இதைவிட மோசம்.”

முகாய்க்கு நன்றிப்பணம் வேண்டாமாம்.
“குடிவருகிறவர் எனக்கு எதற்கு நன்றி சொல்லணும்?”
ஒரே ஒரு நிபந்தனை.
“காலை எட்டுக்குள் திரை திறந்திருக்கணும்.
கொட்டகையிலிருந்து இந்தச் சன்னல் தெரியும்.
மூடியே கிடந்தால் சாவியோடு மேலே வருவேன்.”

ஒப்பந்தப் படிவத்தில் இதற்குக் கட்டமில்லை.
‘இதர’ என்ற இடத்தில் பேனாவை வைத்தேன்.
ஹட்டனோ காகிதத்தைத் தன் பக்கம் இழுத்தார்.
“வேலை நாளில் நாலரைக்கே கிளம்புகிறவள்,
நீங்கள் கண்விழிக்கும் முன்பு திறந்திருக்கும்.
ஞாயிறு ஒன்பது வரை தூங்குவேன்.
இருபத்தாறு வருஷமாக என்னை யாரும் எழுப்பியதில்லை.
ஞாயிறு மட்டும் ஒன்பதரை என்று எழுதுங்கள்.”
பிறகு, ஏதோ மறந்ததுபோல:
“கதவைத் தட்டணும். இரண்டு தரம். அப்புறம்தான் சாவி.”

முகாய் காதைச் சொறிந்தார்.
“மூன்று தரம் தட்டுகிறேன்.”

“உங்கள் திரையை யார் பார்க்கிறார்கள்?”

“எனக்குத் திரையே கிடையாது.”

நான் சிரிக்கலாமா என்று தெரியவில்லை.
அடுத்த ரயில் வந்தது.
அவர் முத்திரை வட்டத்தைத் தாண்டி
ஒரு பக்கமாக அசைந்து பதிந்தது.
சட்டப்படி அது செல்லும்.

நவம்பரில் ஒரு ஞாயிறு.
வேறொருவருக்கு வேறொரு வீடு காட்டப் போகும் வழியில்
கிராஸிங் தடுப்பு இறங்கிவிட்டது.
கணக்கில் சேராத அந்த நேரத்தில் நின்றுகொண்டிருந்தேன்.
மணி ஒன்பது இருபது.
மூன்றாம் மாடியில் திரை மூடியிருந்தது.
கொட்டகை வாசலில் முகாய்
நிமிர்ந்து பார்க்காமல் ஒரு டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்.
கைக்கடிகாரத்தைக் கழற்றி
எதிரே ஸ்டூலில் வைத்திருந்தார்,
முகம் தன் பக்கம் இருக்கும்படி.