பதினேழாம் கேள்வி

பாயான் லெப்பாஸ். இரவு ஷிப்ட் விடும் நேரம்.
என்ஜினை அணைக்காமல் ஏழு பஸ்கள்.
கேட்டுக்கு வெளியே நான்,
கழுத்தில் பல்கலைக்கழக அட்டை,
கையில் கருத்தாய்வுத் தாள்கள்.
நிரப்பித் தந்தால் ஒரு பாக்கெட் மைலோ.

'என் பணியிடம் புதிதாகச் சிந்திக்க இடம் தருகிறது.'
ஒன்று என்றால் முற்றிலும் மறுக்கிறேன்,
ஐந்து என்றால் முற்றிலும் ஏற்கிறேன்.
பெரும்பாலோர் மூன்றை வட்டமிட்டார்கள்.
மூன்று தூக்கத்தின் எண்.
பஸ் ஹார்ன் அடித்ததும்
மிச்சமிருந்த கேள்விகளுக்கெல்லாம் மூன்று.

கோகிலவாணி மட்டும் பேனாவைத் திறக்காமல் நின்றாள்.
"பசியாறிட்டீங்களா சார்?" என்றாள் முதலில்.
பிறகு, "சிந்திக்க இடமா, நேரமா?
இடம் இருக்கு. நாலடி."
எந்த எண்ணையும் தொடாமல்
தாளின் ஓரத்தில் சாய்வாக எழுதினாள்:

எட்டாம் நம்பர் மெஷின்ல தட்டு ஆடும்.
சிப்பெல்லாம் கோணலா விழும்.
பழைய பேட்ஜ் கயிற ரெண்டா மடிச்சு அடியில வச்சேன்.
இப்ப ஆடல. யாருக்கும் தெரியாது.
இது அதுல சேருமா?

மூன்றாம் மாடியில் என் அறை.
இருநூற்றுப் பன்னிரண்டு வரிசைகளைக் கணினியில் ஏற்றினேன்.
அவள் வரிசையில் வந்து திக்கி நின்றது.
விடுபட்ட மதிப்பு, என்றது.
சராசரியை இட்டு நிரப்பவா, என்று கேட்டது
வெகு பணிவாக.
சராசரி 3.04.

கீழ்த்தளத்தில் எங்கள் புத்தாக்கக் கூடம்.
பீன் பைகள் இன்னும் பிளாஸ்டிக் உறைக்குள்.
முப்பரிமாண அச்சு இயந்திரத்தைத் தொட
பாரம் நிரப்ப வேண்டும், மூன்று கையெழுத்து,
பதினான்கு வேலை நாள்.
டிசம்பரில் எனக்கும் ஒரு தாள் வந்தது,
ஆண்டு மதிப்பீடு:
இரண்டு கட்டுரை, ஒரு காப்புரிமை,
பதினேழாவதாக அதே கேள்வி.
வார்த்தைகூட மாறவில்லை,
நான் எழுதிய கேள்வியையே யாரோ கடன் வாங்கியிருக்கிறார்கள்.
வெளியே பாலத்தின்மேல் மழை.
ஐந்தரைக்கு மேல் நெரிசல்.
மூன்றை வட்டமிட்டுவிட்டுச் சாவியைத் தேடினேன்.

சீனப் பெருநாளுக்குப் பிறகு இரண்டாம் சுற்று.
எட்டாம் நம்பர் எப்படி இருக்கு என்றேன்.
சிரித்தாள்.
"ஆடிட் வந்தாங்க சார். கயிற எடுத்துட்டாங்க.
அந்நியப் பொருள்னு எழுதி
எல்லாருக்கும் படம் போட்டுக் காட்டினாங்க.
இப்ப மறுபடி ஆடுது."
"நீங்க வச்சதுன்னு சொல்லலியா?"
"சொல்லச் சொல்லி யாரு சார் கேட்டா?"
பஸ் கதவு அவளை இழுத்து மூடிக்கொண்டது.
இம்முறை மைலோ வாங்க மறந்துவிட்டாள்.

கட்டுரை வெளிவந்தது. இருநூற்றுப் பதினொரு பேர்.
அந்த ஓரக் குறிப்பை அடிக்குறிப்பாக வைத்திருந்தேன்,
நீளம் கருதி நீக்கச் சொன்னார்கள், நீக்கினேன்.

மூலத் தாள்களை
ஐந்தாண்டு பூட்டி வைக்க வேண்டும் என்பது விதி.
என் மேசைக்குப் பின்னால்
சாம்பல் நிற இரும்பு அலமாரி, கீழ்த் தட்டில் அவள் எழுத்து.
இழுத்துத் திறந்தால்
அலமாரி கொஞ்சம் ஆடும்.