சாவிக்கொத்துக்கு ஒரு காலுறை

பதினொரு சாவிகள் என் இடுப்பில்.
குசினி, மருந்து அலுமாரி, படலை,
எதற்கென்று யாருக்கும் நினைவில்லாத
ஒரு பித்தளைச் சாவி.
நான் நடந்தால் அவை பேசும்.
அதை ஒரு வசதி என்றுதான் நினைத்திருந்தேன்:
மிஸ் வாறா என்று தெரிந்து
பெடியன்கள் படுத்துவிடுவார்கள்.

அஸ்பாக் படுக்கவில்லை.
வந்த மூன்றாம் இரவு
நான் விறாந்தையில் திரும்புமுன்னே
கட்டிலுக்கடியில் புகுந்து
சுவரோடு சுவராய் ஒட்டிக்கொண்டான்.
வெளியே எடுத்தேன்.
இல்லை, இழுத்தேன்.
என் முன்னங்கையில் அவன் பற்கள்
அரைவட்டமாய்ப் பதிந்தன.
சம்பவப் பதிவேட்டில் எழுதினேன்:
01.40. சிறுவன் மூர்க்கமாக நடந்துகொண்டான்.
கையெழுத்து. முத்திரை காலையில்.

பிறகுதான் பயிற்சி வந்தது.
நாரஹேன்பிட்டியில், ஏசிக் குளிரில், இரண்டு நாள்.
பலகையில் அந்தப் பெண் மூளையை வரைந்தாள்,
பலாக்கொட்டை மாதிரி இருந்தது.
பிள்ளை கத்தும்போது
அது உங்கள் அறையில் இல்லை,
வேறோர் அறையில் நிற்கிறது என்றாள்.
எந்த அறை என்று கேட்கக்கூடாதாம்.
அவனாய்ச் சொல்லும்வரை காத்திருக்கவேண்டுமாம்.
முப்பத்திநாலு பேருக்கு
ஒருத்தி தனியாக எப்படிக் காத்திருப்பது என்று
சுனேத்ரா பின்வரிசையில் சிங்களத்தில் முணுமுணுத்தாள்.
சிரித்தோம்.
கோழிச் சோறும் சான்றிதழும் தந்தார்கள்.

அவனாய்ச் சொன்னது ஒன்றே ஒன்று,
பருப்புக் கறியைப் பார்த்தபடி:
"சாவிச் சத்தம் கேட்டா
அவர் வந்துட்டார் எண்டு அர்த்தம்."
யார் அவர்?
இன்னொரு கரண்டி பருப்புப் போட்டேன்.

அன்றிரவு
மகளின் பள்ளிக் காலுறை ஒன்றுக்குள்
பதினொரு சாவிகளையும் இறக்கி
றப்பர் வளையம் மாட்டினேன்.
இப்போது நான் நடந்தால்
செருப்பு மட்டும்தான்.
கதவுக்கு வெளியே நின்று சொல்லுவேன்:
"யூஜினா மிஸ். தண்ணி வைக்கிறன். போறன்."
ஒவ்வொரு இரவும் அதே மூன்று வசனம்.
கட்டிலுக்கடியிலிருந்து ஒரு கை வரும்,
கோப்பையை எடுக்கும்.
இருபத்தாறாம் இரவு
கை கட்டிலின் மேலிருந்து வந்தது.
பதிவேட்டில் அதற்கு நிரல் இல்லை.

நன்னடத்தை அலுவலரிடம்
இவ்வளவும் சொன்னேன். சந்தோசப்பட்டார்.
மிச்சம் சொல்லவில்லை.

முகத்துவாரத்து முதல் பஸ்ஸில்
கொண்டக்டர் சில்லறையைக் கிலுக்கிக்கொண்டு வர
என் தோள்கள் காதுவரை ஏறுகின்றன.
ஆமர் வீதியில் இறங்கவேண்டியவள்
புறக்கோட்டை வரை போயிருக்கிறேன்,
கண் திறந்தபடியே.

போன கிழமை
மகள் கையிலிருந்து ஒரு சட்டி மூடி விழுந்தது.
சில்வர் மூடி. சுற்றிச் சுற்றி அடங்க நேரமெடுத்தது.
அது அடங்குமுன்
நான் குசினி வாசலில் நின்றேன்,
ஓங்கிய கையோடு.
அவள் அடுப்புக்கும் சுவருக்கும் இடையில்
தன்னைச் சின்னதாக்கிக்கொண்டாள்.
அந்தப் பார்வை எனக்குத் தெரியும்.
மாதம் பதினெட்டு இரவு
டோர்ச் வெளிச்சத்தில் பார்ப்பது.

சம்பளத் துண்டில்
இரவுக் கொடுப்பனவு என்று ஒரு வரி உண்டு.
கழிவுகள் கீழே தனியாக.

இன்றைக்கு விடிய வந்து
குளிக்காமல், சாரியும் மாற்றாமல்
அவள் அறைக்கு வெளியே நின்றேன்.
"அம்மா," என்றேன்.
"தண்ணி வைக்கிறன். போறன்."
உள்ளே கொஞ்சநேரம் ஒன்றுமில்லை.
தெருவில் பாண்காரனின் முச்சக்கரவண்டி
தன் இசையோடு வந்து, தன் இசையோடு போனது.

"கதவு திறந்துதானே கிடக்கு," என்றாள்.
பிறகு,
"என்ர மற்றக் காலுறை எங்க?"

டியூட்டியில நிக்குது, என்றேன்.