ஹெட்லி பெட்டிக்குள் படுத்த கதை

நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை
நியூஃபவுண்ட்லாந்தின் தென்கரையில்
பனி தள்ளும் லாரி ஓட்டுகிறேன்.
பதினேழு கிலோமீட்டர், ஒரே சாலை, போக, வர.
மற்ற ஓட்டுநர்கள் ரேடியோ கேட்பார்கள்.
நான் கண்ணாடி துடைப்பானோடு பேசுவேன்:
இடம் வலம் இடம் வலம்,
நான்கு சீர், ஓர் அடி.
வெளியே மூன்றடிப் பனி,
வாய்க்குள் நான்கடிச் செய்யுள்,
விடிவதற்குள் இரண்டையும் தள்ளியாக வேண்டும்.

எங்கள் ஊர்க் கூடத்தில் குளிர்கால விருந்தென்றால்
முதலில் மீன் சூப், பிறகு ஃபிடில்,
ஃபிடில்காரன் பீர் குடிக்கும் நேரத்தில்
யாராவது எழுந்து செய்யுளில் ஒரு கதை சொல்லவேண்டும்.
தாளைப் பார்க்கக் கூடாது.
பாடவும் கூடாது.
ஊரே சிரித்தாலும் சொல்கிறவர் சிரிக்கக் கூடாது.

என் முதல் கதை ஒரு மூஸ் மானைப் பற்றியது.
எதுகை ஒன்றுகூடத் தப்பவில்லை.
மூன்றாம் செய்யுளில் செல்பி மார்ஷ் எழுந்து
அடுப்புக்கு விறகு போடப் போனான்.
அடுப்பு நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.

அந்தக் குளிர்காலம் முழுக்க
உப்பு ரசீதுகளின் முதுகில் எழுதி எழுதி அடித்தேன்.
மானுக்கு எதுகை கிடைத்தது, மான் கிடைக்கவில்லை
என்று புரியவே பிப்ரவரி ஆகிவிட்டது.
கண்ணால் கண்டது ஒன்று வேண்டும்.
கண்டிருந்தேன்: ஹெட்லி கீப்பிங்,
தள்ளுபடியில் வாங்கிய சவப்பெட்டி,
படகுத்துறை, டிக்கெட் கொடுப்பவன்.

	காசு கேட்டான் கப்பல்காரன்,
	காலிப் பெட்டிக்கு நாற்பது டாலர்.
	பேசிப் பார்த்தான் ஹெட்லி கீப்பிங்:
	பிணத்துக் கென்றால் பைசா இல்லையாம்!

	ஏறிப் படுத்தான், இழுத்தான் மூடியை,
	இரண்டு முழங்காலும் மடக்கிக் கொண்டு.
	மாறிப் போச்சு காற்றின் போக்கு,
	மாட்டிக் கிச்சு மூடியின் கொண்டி.

முழங்கால் வரியில்தான் எனக்குப் பெருமை.
எங்கே நிறுத்தினால் சிரிப்பு விழும் என்று
லாரிக்குள் நூறு தடவை பழகினேன்.
எதிரே வந்த பள்ளி வேன்காரர்
நான் யாரையோ திட்டுவதாக நினைத்து விலகிப் போனார்.

விருந்து நாள்.
நாற்பது டாலருக்கே சிரித்தார்கள்.
செல்பி அடுப்புப் பக்கம் போகவில்லை.
முழங்கால் என்றேன், நிறுத்தினேன்,
கூடம் குலுங்கியது.
மூன்றாவது வரிசையிலிருந்து வர்னா கீப்பிங்,
கம்பளித் தொப்பிக்குள் முடியில்லாத தலை,
சூப் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்:
"பெட்டி என் அளவு, டல்சி. அதனால்தான் மடக்கினான்."

அதற்கு என்னிடம் செய்யுள் இல்லை.
ஹெட்லி பூட்ஸைப் பார்த்தான்.
அடுப்பில் ஒரு கட்டை சரிந்தது, எல்லோருக்கும் கேட்டது.
நான் கண்டிருந்தேன், அந்த முழங்காலை,
பெட்டி ஏன் குட்டை என்று
ஒருமுறைகூடக் கேட்டுக்கொள்ளாமல்.

"மேலே சொல்லு," என்றாள் வர்னா,
"கொண்டி மாட்டினதைத்தான் நான் இன்னும் பார்க்கல."
சொன்னேன். குரல் ஓரிடத்தில் வழுக்கியது.
சம்மட்டி வந்தது, மூடி உடைந்தது, ஹெட்லி தும்மினான்.
முதலில் சிரித்தது அவள்தான்.

பிறகு பல இரவுகள் அந்த வரியைக் கட்டிப் பார்த்தேன்.
அளவு, களவு, உளவு:
எதுகைக்கு வந்ததெல்லாம் பொய் சாட்சி.
எந்தச் சீரிலும் அடங்கவில்லை அது.
விட்டுவிட்டேன்.

இப்போது மற்ற ஊர்க் கூடங்களுக்கும் கூப்பிடுகிறார்கள்.
என் லாரியிலேயே போகிறோம், மூவரும் முன்சீட்டில்.
முழங்கால் வரி முடிந்ததும் நிறுத்துகிறேன்,
துடைப்பான் இரண்டு முறை போய்வரும் நேரம்.
முன்வரிசையில் வர்னா கையை உயர்த்துகிறாள்,
பதில் தெரிந்த பள்ளிக்கூடப் பிள்ளைபோல.
பெட்டிக்குள் இந்த வருஷத்து உருளைக்கிழங்கு இருக்கிறது.
போன வாரம் எனக்கு ஒரு பை கொடுத்தாள்,
மண்ணோடு.