மூன்று பொலிவியானோ

கிரேனுக்கு வாடகை விசாரித்தோம்.
விசாரித்ததோடு சரி.

எல் ஆல்தோவிலிருந்து லா பாஸுக்குச் சரியும் கேபிள் காரில்
மூன்று பொலிவியானோ டிக்கெட்.
ஆவி படிந்த கண்ணாடியை ஸ்வெட்டர் கையால் துடைத்துக்
கைபேசியை அதில் அழுத்திப் பிடித்தாள் நய்ரா.
"மூச்சு விடாதே, லிம்பெர்த். ஆடுது."

கீழே மொட்டைமாடியில்
எங்கள் நாயகன் கடிதம் படிக்க வேண்டும்.
முதல் தடவை மூடுபனி.
இரண்டாவதில் வெயில் ஏறி அவன் முகமே வெள்ளை.
வெளிச்சத்தைப் பூட்டி வைக்கலாம் என்பது
அன்றைக்குத்தான் தெரிந்தது,
விரல் தவறிப் பட்டதில்.

ஒன்பதாவது தடவை
எல்லாம் கூடி வந்தது.
பக்கத்து மாடியில் போர்வை உலர்த்தியவள்
நிமிர்ந்து பார்த்து
எங்களுக்குக் கையசைத்துவிட்டாள்.

பத்தாவதுக்குக் காசில்லை.

விடிய விடிய வெட்டி ஒட்டிப் பார்த்தோம்.
கடைசியில்
நாயகனை வெட்டினோம்.